மின்சாரம் திரும்பும் வழி

தன் பழைய காருக்கு 80 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் மாட்டியும் பேட்டரி சரியாக ஏறவில்லை என்று பொள்ளாச்சி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு இப்போது இருப்பது 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 2 மீட்டர் நீளம். எத்தனை ஸ்கொயர் போட வேண்டும் என்று கேட்கிறார்.

1 ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 17 மில்லி ஓம் தடை. அவருடைய வயரில் முழு 80 ஆம்பியரும் ஓடினால் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்நேட்டர் 14.4 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.9தான் வந்து சேரும். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.6 காட்டும். அதற்கு மேலிருக்கும் 1.8 வோல்ட்தான் மின்சாரத்தை உள்ளே தள்ளுகிறது. அதில் கால் பங்கு காணாமல் போகிறது. 16 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும்.

வீட்டு வயரிங்குக்கு விற்கும் சாதாரண வயர் இங்கே ஆகாது. அதன் உறை 70 டிகிரிக்கானது. என்ஜினை ஒட்டி வெப்பம் அதைத் தாண்டும். 105 டிகிரி தாங்கும், மெல்லிய இழைகள் கொண்ட ஆட்டோ கேபிளைக் கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதைச் செம்பு என்று சொல்லி விற்பது மோசடிதான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் வேண்டும். அது காப்பது அந்தக் கேபிளை.

இத்தனையும் போகிற வழிக்கு. மின்சாரம் திரும்பியும் வர வேண்டுமே! என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. பேட்டரியின் நெகட்டிவை பாடியில் இணைத்திருக்கும் கார்களில், என்ஜினையும் பாடியையும் சேர்ப்பது பின்னல் போட்ட எர்த் பட்டை ஒன்றுதான். எங்கள் ஊரில் வாய்க்காலைத் தூர்வாருவார்கள், வடிகாலை மறந்துவிடுவார்கள். இந்தப் பட்டைக்கும் அதே கதி.

பட்டை துருப்பிடித்து அறுந்தால் நடப்பது விசித்திரம். செல்ஃப் அடித்ததும் நூறு ஆம்பியருக்கு மேல் வழி தேடும். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே மிச்சமிருக்கும் உலோகத் தொடர்பு கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்றவைதான். அந்த எஃகு இழைகளின் வழியே மின்சாரம் பாய்ந்து, கேபிள் கொதித்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகி, பெடல் இறுகிப்போகும். மெக்கானிக் புதுக் கிளட்ச் கேபிள் போடுவார், அதுவும் கருகும். கிளட்சில் கோளாறு தேடுகிறவருக்கு எர்த் பட்டை எப்படி நினைவுக்கு வரும்?

பேட்டரி இறங்குகிறது என்றதும் பேட்டரியையே மாற்றிவிடும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு கார் பேட்டரியில் பல கிலோ ஈயம் இருக்கிறது. எர்த் பட்டையின் துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்காக, இன்னும் உழைக்கக்கூடிய பேட்டரி பழைய சாமான் கடைக்குப் போகிறது.

பொள்ளாச்சி நண்பரே, வயர் வாங்குமுன் என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் எர்த் பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, 16 ஸ்கொயருக்குக் குறையாத புதுப் பட்டை போடுங்கள்.