குடியனைத் தேடிய குடியன்

கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை யான் மாணவர்க்குப் பாடஞ் சொல்லத் தொடங்கி முப்பது ஆண்டுகளாகின்றன. மது அறிவை அழிக்கும், மானத்தைக் கெடுக்கும் என்று எத்தனையோ வகுப்புகளில் முழங்கியிருக்கிறேன். அம்முழக்கத்தின் பயன் எத்துணையது என்பதைச் சில காலத்துக்கு முன் ஓர் அந்திப்பொழுதில் அறிந்துகொண்டேன்.

என்னிடங் கற்று, இன்று தாமும் ஆசிரியராயிருக்கும் ஒருவர் படலையைத் திறந்து வந்தார். கைகள் நடுங்கின. "ஐயா, அந்தப் பத்துக் குறளும் எனக்குப் பாடம். நீங்கள் படிப்பித்ததுதான். பொழுதுபட்டால் ஒன்றும் கைகொடுக்கிறதில்லை" என்றார். யான் செய்தது யாது? மீண்டும் பாடமே சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டிருந்துவிட்டுப் போனார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நூலைக் கையிலெடுத்தேன். பரிமேலழகர் வைத்த முறையில், ஒன்பதாங் குறள் களித்தவனுக்கு நியாயங் கூறித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனை விளக்கேற்றித் தேடப்புகுவதோடு ஒப்பிடுகின்றது. பத்தாங் குறளோ, குடியாத வேளையில் மற்றொரு குடியனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பாரானோ என வினவுகின்றது. முன்னதிற் கற்பிப்போன் தோற்கிறான்; பின்னதில் ஒரு குடியனைக் கண்டு இன்னொரு குடியன் விழிக்க இடமுண்டு. இவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றமையை யான் ஒருநாளும் சிந்தித்திலேன்.

ஒன்பதிலிருந்து பத்துக்குச் சென்றவர் ஒருவரின் வரலாறு அமெரிக்காவில் உண்டு. நியூயோர்க்கிற் பங்குச்சந்தைத் தொழில் செய்த வில்லியம் வில்சன் என்பவர், பெருங்குடியில் வாழ்விழந்து, 1934 டிசம்பரில் மதுவை விட்டார். விட்டவர் ஏனைய குடியர்க்கு உபதேசிக்கப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐந்து மாதம் உபதேசித்தும் ஒருவரும் திருந்திலர். ஆயினும், அக்காலம் முழுவதும் அவர் தாம் குடியாதிருந்தார்.

1935 மே மாதத்தில், தொழில் நிமித்தம் ஓகையோ மாநிலத்து அக்ரன் நகருக்கு வந்து, எடுத்த கருமம் தோற்று, விடுதிக் கூடத்தில் தனித்து நின்றார். ஒருபால் மதுச்சாலையின் ஆரவாரம், மறுபால் தொலைபேசி. தம்மைக் காத்துக்கொள்ள இன்னொரு குடியனோடு பேசுதல் வேண்டும் என்று அவர்க்குத் தோன்றிற்று. ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியிற் பலரை வினவினார். முடிவில், ஒரு பெண்மணியின் உதவியால், மே 12 ஆம் நாள் மாலை, றொபேட் சிமித் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டார். கால் மணிநேரமே இருப்பேன் என்று வந்த மருத்துவர், இரவு பதினொரு மணி கடந்தே எழுந்தார். மதுவின் கேடு அம்மருத்துவர் அறியாததன்று. அதனைச் சொந்த அநுபவத்தால் அறிந்து பேசிய ஒருவரை அன்றே முதன்முதற் கண்டார்.

இடையில் ஒருமுறை வழுக்கினும், 1935 யூன் 10 ஆம் நாளுக்குப் பின் சிமித் குடித்திலர். அந்நாளே 'அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் பெயர் மறைத்த குடிநோயர் கூட்டுறவின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1939 இல் அதன் நூல் பன்னிரு படிகளோடு வெளிவந்தது.

இக்கூட்டுறவு இன்று இலங்கையிலும் உண்டு. சேர்வதற்குக் கட்டணமில்லை, குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. செலவுக்கு உறுப்பினர் இயன்றதை இடுவர். மூடிய கூட்டத்திற் குடியை விட விழைவோர் மாத்திரமே இருப்பர். திறந்த கூட்டத்துக்கு எவரும் செல்லலாம். குடும்பத்தினர்க்கென 1951 இல் எழுந்த 'அல்-அனொன்' வேறாயுள்ளது. அயலிற் கூட்டமில்லாதார் இணையவழிக் கூட்டங்களிற் சேரலாம். இம்முறையை ஆராய்ந்த 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியான மதிப்பீடு, குடியை அறவே விடுதற்கு இது ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றின் மேம்பட்டது எனக் காட்டியது.

ஒன்றை மறத்தலாகாது. நெடுங்காலம் மிகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் சித்தக் கலக்கமும் நேர்ந்து உயிருக்கே இடராகலாம். ஆதலின் முதலில் மருத்துவரை நாடுக. கூட்டம் மருத்துவத்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

இவற்றை அறிந்தபின், அம்மாணவரின் வீட்டுக்கு யானே சென்றேன். முதலில் மருத்துவரிடமும், பின்னர் ஒரு திறந்த கூட்டத்துக்கும் இருவரும் போனோம். அவர் இசைந்தமையின் இதனை எழுதுகின்றேன்; பெயரும் ஊரும் கூறேன். சில கதிரைகள், ஒரு கேத்தல் தேநீர். ஒருவர் எழுந்து தம் கதையைச் சொன்னார், எவரும் இடைமறிக்கவில்லை. முப்பது ஆண்டு கற்பித்த யான் பின்வரிசையில் வாய்திறவாதிருந்தேன்.

முடிந்தபின் முதியவர் ஒருவர் என் மாணவரிடம் வந்தார். குடியாதே என்று அவர் சொல்லவில்லை. "தம்பி, பொழுதுபடுகிற நேரந்தானே கஷ்டம்? அந்த நேரம் எனக்கு ஒருக்கால் எடும்" என்று தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

அத்தாளை அவர் நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிகாரத்தின் பத்தாங் குறளுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கிற்று.