மோட்டார்க் காரின் பட்டையும் பம்பும்

பொங்கல், தீபாவளி, ஊர்க்கொடை என்று எது வந்தாலும் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் மனம் ஊரை நோக்கிப் புறப்பட்டுவிடும். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் தெற்கு வழி. தென்காசி, செங்கோட்டைக்குத் தென்மலை, ஆரியங்காவு மலைவழி. ரயிலில் இடம் கிடைக்காத நாட்களில் (இதனை ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவனே சொல்ல நேர்கிறது!) சொந்தக் காரே துணை. நம்மவர் பலரும் அதனைப் பழைய வண்டியாக வாங்கி, பணம் சேரும்போது செப்பனிட்டு ஓட்டி வருகின்றனர். அத்தகைய குடும்பங்களுக்குப் பட்டறையில் எழும் ஒரு கேள்வியைப் பற்றியே இக்கட்டுரை.

‘டைமிங் பெல்ட்’ மாற்றுவதற்காக வண்டியை விடுகிறோம். “இதோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடலாமா?” என்று மேஸ்திரி கேட்கிறார். பம்பு நன்றாகத்தானே ஓடுகிறது, பில்லைக் கூட்டும் தந்திரமோ என்ற ஐயம் நமக்கு உண்டாகிறது. அந்த ஐயத்தை நான் குறை கூறமாட்டேன். தேவையற்ற சாமான்களைத் தலையில் கட்டும் பட்டறைகளும் உலகில் இருக்கவே செய்கின்றன. ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலும் மேஸ்திரி கூறுவதே சரி. அதன் காரணத்தை அறிந்துகொண்டால், எந்த வண்டிக்கு அது பொருந்தாது என்பதும் தானே விளங்கும்.

எஞ்சினின் அடியில் பிஸ்டன்களால் சுழலும் தண்டு ஒன்று. மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு மற்றொன்று. கீழ்த்தண்டு இரு சுற்றுச் சுற்றும்போது மேல்தண்டு சரியாக ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பதே டைமிங் பெல்ட். உட்புறம் பற்கள் அமைந்த ரப்பர்ப் பட்டை அது. நீண்டுவிடாதபடி கண்ணாடி இழை போன்ற வலிய இழைகளை உள்ளே வைத்திருப்பார்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுமானால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்கே வால்வும் இறங்கி வரும். நேரம் மட்டுமே அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டை அறுந்தாலும், சில பற்கள் உதிர்ந்தாலும், பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். டீசல் எஞ்சினில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் அங்கே தப்புவது அரிது. பிறகு எஞ்சினின் தலைப்பாகத்தையே கழற்றவேண்டும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு, ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கிவிடக் கூடும்.

முன்பெல்லாம் இந்த வேலையைச் செய்தது இரும்புச் சங்கிலி. பற்பட்டையைத் தொழிற்சாலை அளவில் முதன்முதலில் மேற்கொண்ட கார் ஜெர்மனியின் கிளாஸ் 1004, ஆண்டு 1962. ஓசை குறைவு, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு என்பதால் பட்டை உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 பட்டை வண்டியே. 1998-இல் வந்த சான்ட்ரோவும் அவ்வாறே.

இனித் தண்ணீர்ப் பம்பு. எஞ்சினைச் சுற்றியுள்ள நீரை ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆறிய நீரைத் திரும்பக் கொண்டுவருவது அது. சிறு விசிறி போன்ற சக்கரம், அதனைத் தாங்கும் அச்சு, பேரிங், நீர் கசியாமல் காக்கும் சீல் ஆகியவையே அதன் உறுப்புகள். பழைய அம்பாஸிடரில் இந்தப் பம்பு எஞ்சினின் முன்புறத்தில் விசிறியோடு சேர்ந்து வெளிப்படையாக இருந்தது. கெட்டால் தெருவோர மரத்தடியிலேயே கழற்றி மாற்றினார்கள். பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுழற்றுகிறது. ரெனோ டஸ்டர் 1.5 டீசலும், போக்ஸ்வாகன் போலோ 1.5 டீசலும் இவ்வகை. 2020-க்குப் பின் இந்த டீசல் வண்டிகள் நம் நாட்டில் புதிதாக விற்கப்படவில்லை. ஆதலால் இன்று வாங்குவோர் கைக்கு வருவதெல்லாம் பழையனவே. வேறு சில சிறு கார்களில் பம்பைச் சுழற்றுவது வெளிப்பட்டைதான். ஆனால் பம்பு டைமிங் மூடிக்குப் பின்னே ஒளிந்திருப்பதால் அதைத் தொடுவதற்கு டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டும்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பம்பின் விலையைக் காட்டிலும் அதனைச் சென்றடையும் கூலியே பெரிது. எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, அதன் தாங்கியை அவிழ்த்து, புல்லிகளையும் மூடிகளையும் நீக்கிப் பட்டையைக் கழற்றுவது ஏறக்குறைய அரைநாள் வேலை. அந்நிலையில் பம்பு கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. சில போல்ட்டுகளும் ஒரு கேஸ்கெட்டுமே மிச்சம். இன்று அதை விட்டுவைத்து, ஓராண்டு கழித்து அது கசியத் தொடங்கினால் அதே அரைநாள் கூலியை மீண்டும் கொடுக்கவேண்டும். கூலண்ட் பட்டை மேல் பாய்ந்திருந்தால் புதுப் பட்டையையும் மாற்றவேண்டும். பம்பின் பேரிங் இறுகி நின்றுவிட்டாலோ, பட்டையின் பற்களே உதிர்ந்து வால்வுகள் வளையும். பழைய பட்டையின் தளர்ந்த இழுப்புக்குப் பழகிய பேரிங், புதுப் பட்டையின் இறுக்கத்தில் சீக்கிரம் கெடுவதும் உண்டு.

ரயில் பெட்டிகளைக் காலமுறைச் செப்பனீட்டுக்குத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போது, ‘கண்டிப்பாக மாற்றவேண்டியவை’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ள உறுப்பு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றியே அனுப்புவார்கள். அடுத்த முறை பெட்டி உள்ளே வரும்வரை அது தாங்குமா என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. காருக்கும் அதுவே கேள்வி. பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும், இடையிலுள்ள உருளையையும் இதே கணக்கில் சேர்த்துவிடுவது நலம். பட்டை, டென்ஷனர், பம்பு யாவும் ஒரே பெட்டியில் தொகுப்பாகவும் கிடைக்கின்றன.

மறுபுறத்தையும் சொல்லிவிடவேண்டும். மாருதியின் கே வரிசைப் பெட்ரோல் எஞ்சின்கள், பழைய ஸ்விஃப்ட் டீசல், ஹூண்டாயின் 1.2 கப்பா முதலியவை சங்கிலி வண்டிகள். அவற்றில் டைமிங் பெல்ட்டே கிடையாது. “பெல்ட்டோடு பம்பு” என்று எவரேனும் கூறினால் கைப்புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பம்பு வெளியே தனியாக, எளிதில் கழற்றும்படி இருக்கும் வண்டியிலும் அது கெட்ட பிறகு மாற்றினால் போதும். முன் உரிமையாளர் அண்மையில்தான் பம்பை மாற்றினார் என்பதற்கு பில் இருந்தால் அதையும் மதிக்கலாம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பலாகாது.

நம் நகரத்தவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கரமனையிலிருந்து தம்பானூர் வரை, கோட்டையிலிருந்து பிள்ளைகளின் பள்ளி வரை என்று ஓடும் வண்டி எட்டு ஆண்டில் 35,000 கிலோமீட்டர்கூடக் காட்டாது. “இன்னும் ஓடவேயில்லையே” என்று பட்டையை விட்டுவிடுகிறோம். ஆனால் ரப்பர் ஓடாமலும் மூப்படைகிறது; எஞ்சினின் சூடு அதைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான் உற்பத்தியாளர் பலர் கிலோமீட்டரையும் ஆண்டையும் சேர்த்துக் குறிப்பிட்டு, எது முந்துகிறதோ அதைக் கொள்ளச் சொல்கின்றனர். இங்கு ஓய்வாக இருந்த அவ்வண்டியை, ஆண்டுக்கொரு முறை ஐந்து பேரோடும் மூட்டைகளோடும் ஆரியங்காவு ஏற்றத்தில் செலுத்துகிறோம். தாழ்ந்த கியரில், எதிர்க்காற்றும் குறைந்து எஞ்சின் கொதிக்கும் இடம் அது. பலவீனப்பட்ட பம்பு தன்னைக் காட்டிக்கொள்வது அங்கேதான். நீர் முழுவதும் வடிந்துவிட்டால் வெப்பமானி சரியாகக் காட்டாமலும் போகலாம். முள் கீழே இருக்கிறதே என்று ஓட்டிச் செல்வது பேராபத்து. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடவேண்டும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது.

பம்பு கெடுவதற்கு முன் சில குறிகள் தோன்றும். சீலுக்கு அருகே சிறு துளை ஒன்று வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்தாற்போல் கறை இருந்தால் சீல் கசிகிறது என்பது பொருள். பட்டை கழன்றிருக்கையில் அச்சைக் கையால் அசைத்து ஆட்டம் உண்டா என்று பார்க்கலாம். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு நாம் கூச்சப்படவேண்டியதில்லை.

“இங்கே பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?” என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. உறையாமை அதன் ஒரு குணந்தான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதுமே இவ்வூருக்கு வேண்டியவை. வெறும் நீர் பம்பின் சக்கரத்தை அரித்துவிடும். கைப்புத்தகம் சொல்லும் கூலண்டை, சொல்லும் அளவில், வடிநீரோடு கலந்து நிரப்பவேண்டும். வடித்தெடுத்த பழைய கூலண்ட் இனிப்பான நஞ்சு. பூனை, நாய், குழந்தைகள் அணுகாதபடி மூடிவைத்துப் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், எஞ்சினைக் கிளப்புமுன் கீழ்த்தண்டைக் கையால் இரு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளக் கோடுகள் மீண்டும் நேர்படுகின்றனவா என்று நல்ல மேஸ்திரி சரிபார்ப்பார். பிறகு நீரோட்டத்தில் சிக்கிய காற்றை வெளியேற்றுவார். இவ்விரண்டுக்கும் நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கூலண்ட் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பிரயாணத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.