பலகையைத் தைத்த முட்டம்

ஒரு மீன்பிடி படகின் வடிவத்தை, அது மீன்பிடிக்கும் நீரைக்காட்டிலும் அது புறப்பட்டுத் திரும்பும் கரையே தீர்மானிக்கிறது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நாஞ்சில் நாட்டுக் குளங்களிலும், பழையாறு கடலோடு சேரும் மணக்குடிக் காயலிலும் நீர் அசையாமல் கிடப்பதால், தட்டையான அடிப்பகுதி கொண்ட எந்தச் சிறு தோணியும் அங்கே வலை விரிக்கப் போதுமானது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னி, நீர் புகாத உறையால் மூடிய பரிசலிலிருந்தே மீன்பிடிக்க முடிகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையிலோ, ஆனி ஆடி மாதங்களில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணல்மேட்டில் வந்து முறியும்போது, அந்த முறிவைக் கடந்து வெளியேறவும், மாலையில் அதே முறிவின் வழியாகக் கவிழாமல் திரும்பவும் வல்ல படகுக்கு மட்டுமே இடமுண்டு.

இந்தச் சிக்கலுக்கு இக்கரை மக்கள் கண்ட முதல் விடை கட்டுமரம். மீனவர் பேச்சில் அது வெறும் ‘மரம்’ எனப்படுகிறது. எடை குறைந்த மென்மரத் துண்டுகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே அதன் அமைப்பு. கிண்ணம்போல் குழிந்த உடல் அதற்கு இல்லை என்பதால், மேலே ஏறும் நீர் மரங்களின் இடைவெளி வழியே தானாக வடிந்துவிடுகிறது. நீரை இறைத்துக் கொட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். மென்மரம் நீரை உறிஞ்சி எடை கூடும் என்பதும், எடை கூடிய மரம் மிதக்கும் திறனை இழக்கும் என்பதும் இவ்வழக்கத்துக்குக் காரணங்கள்.

இரண்டாவது விடை தைத்த வள்ளம். அயனி போன்ற மரங்களின் பலகைகளில் ஓரமாகத் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றைக் கோத்து, இடைவெளியில் நாரை அடைத்துத் தைப்பது இதன் முறை. ஆணி அறைந்த உடல் மணலில் மோதும்போது விறைப்பாக நின்று வெடிக்கக்கூடும்; ஆணியும் உப்புநீரில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையே அரிக்கும். கயிற்றால் தைத்த உடலோ மோதலைச் சற்று நெகிழ்ந்து வாங்கிக்கொள்ளும். ஏழ்மையால் இரும்பை விட்டுக் கயிற்றுக்குப் போனார்கள் என்று எண்ணுவது, அந்தத் தச்சர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

கட்டுமரத்துக்கேற்ற நல்ல மரம் அரிதாகி, விலையும் ஏறிய காலத்தில், இழுவலைப் படகுகளின் போட்டியும் சேர்ந்துகொண்டதால், சிறு மீனவர்களுக்குப் புதிய படகு ஒன்று தேவைப்பட்டது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகநலப் பணி அமைப்பும், முட்டத்தில் இயங்கிய படகுப் பட்டறையும் 1980-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்க முயன்றன. அம்முயற்சியில் பங்குகொண்ட பியர் ஜில்லே என்ற வெளிநாட்டுத் தொழில்நுட்பர் 1985-இல் அந்த அனுபவத்தை ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ என்ற நூலாக வெளியிட்டார். சிறியதைச் செய்வது கடினம் என்பதே அத்தலைப்பின் பொருள். அன்று உருவான வடிவங்களுள் ஒன்றுக்கு ‘கோட்டார்கேட்’ என்று பெயர். தமிழின் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, அதன் தலைத்துண்டு மட்டும் ஊர்ப் பெயரோடு சேர்ந்து, தான் பிறந்த தமிழ்க் கடற்கரைக்கே திரும்பி வந்தது.

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றின் இழையோட்டம் அடுத்ததற்குக் குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டிய பலகை. கடல் பயன்பாட்டுக்குரிய வகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 710-ஆம் எண் தரவரையறை உண்டு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அதன் ஒட்டு விடக்கூடாது. இப்பலகை ஒரு திசையில் மட்டுமே வளையும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டலாம், பந்தாக உருட்ட முடியாது என்பதைப்போல. எனவே கிண்ணம்போல் திரண்ட உடலைக் கைவிட்டு, தனித்தனிப் பலகைகள் கூரிய மூலைகளில் சந்திக்கும் உடலையே வரைய வேண்டும். பலகையின் நீளம் வழக்கமாக 8 அடிதான் என்பதால், இரு பலகைகளின் முனைகளையும் அவற்றின் தடிப்பைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு தொலைவுக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்டி நீளத்தைக் கூட்டுகிறார்கள்.

அதன் பின்னர் நடப்பது தையல். வெட்டிய பலகைகளின் ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியைக் கோத்து, முறுக்குக் குறட்டால் திருகும்போது, தட்டையாகக் கிடந்த பலகைகள் மெல்ல எழுந்து அணியமும் பக்கங்களுமாக வடிவம் கொள்கின்றன. உள்மூலைகளில் பிசினும் மரத்தூளும் குழைத்த கலவையைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினில் நனைத்து ஒட்டுகிறார்கள். அது இறுகியதும் கம்பிகளை வெட்டி எடுத்து, வெளிமூலைகளை உருட்டித் தேய்த்து, அங்கும் நாடா ஒட்டுவார்கள். 1963 அளவில் இங்கிலாந்தில் ‘மிரர்’ என்ற சிறு பாய்ப்படகு வழியாகப் பரவலாக அறியப்பட்ட இம்முறை, கயிற்றால் வள்ளம் தைத்துப் பழகிய கரைக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் பட்டறையில் அழகாக அமைந்த படகு கடற்கரையில் உடனே ஏற்கப்பட்டுவிடவில்லை. திறந்த படகில் ஓர் அலை ஏறினால் நீர் உள்ளேயே தங்கி, அடுத்த அலை அதனைக் கவிழ்த்துவிடும். ஆகவே கட்டுமரத்தின் பழைய நெறி புதிய உடலுக்குள்ளும் வரவேண்டியிருந்தது: மேல்தளத்தை மூடி, அதன்மேல் விழும் நீர் ஓரத் துளைகள் வழியே தானாக வெளியேறச் செய்து, தளத்துக்குக் கீழே காற்று அடைத்த அறைகளையோ மிதக்கும் நுரைக்கட்டிகளையோ அமைத்தார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே சிக்கலைக் கையாண்டது. கரை நெருங்கும்போது உந்துவிசிறியை உடலுக்குள் தூக்கிக்கொள்ளும் படகுகளை அது வடிவமைத்தது.

படகைச் செய்வது பாதி வேலை. அதனைக் கடலுக்கு ஆயத்தமாக்குவது மறுபாதி. பின்புறப் பலகையில் மாட்டும் வெளிப்பொருத்து எந்திரம் பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுகிறது. மணல் தட்டும் முன்பே அதனைச் சாய்த்துத் தூக்கிவிட வேண்டும் என்பதால் அதன் எடையும், அது அமரும் பலகையின் உறுதியும் ஒன்றாகக் கணக்கிடப்பட வேண்டியவை. 1980-இல் உருவாகி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகுப் பட்டறைகளோடு எந்திரப் பழுதுபார்ப்பையும் தன் பணியாக ஏற்றது இவ்வகையில் மிகச் சரியான முடிவு. பழுது நீக்க ஆளில்லாத எந்திரம் படகுக்கு வீண் சுமையே.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் தாக்கியபின், தமிழகக் கடற்கரை எங்கும் கண்ணாடியிழைப் படகுகள் நிவாரணமாக வந்து குவிந்தன. அவசரத்தில் வார்க்கப்பட்ட பலவற்றில் தடிப்புக் குறைவாக இருந்ததும், மிதப்பறைகள் போதாமல் இருந்ததும் வருந்தத்தக்கவை. 2017-இல் ஒக்கி புயலில் படகு கவிழ்ந்தபின், அதன் உடலைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர்தப்பிய மீனவர்கள் உண்டு. நுரைக்கட்டி வைப்பது செலவைக் கூட்டும் கூடுதல் வேலை என்று நினைக்கும் படகு கட்டுநர் எவரும் இதனை மறக்கக்கூடாது.

ஒட்டுப்பலகைப் படகின் பகை அலையைவிட, வெட்டுமுனை வழியே உள்ளே கசியும் நீர்தான். மேல்பூச்சு உரிந்த சிறு இடத்தில் புகும் ஈரம், கண்ணாடியிழை உறைக்கு அடியில் மரத்தகடுகளை மட்டும் இற்றுப்போகச் செய்வதால், வெளியே பார்க்கப் படகு நலமாகவே தோன்றும். ஆகவே பழைய படகு ஒன்றை விலைபேசுமுன், அதனைக் கவிழ்த்துப் போட்டு, அணியத்திலிருந்து பின்புறப் பலகைவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பலகை இறுக்கமாக இருக்கும் இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், இற்றுப்போன இடம் ‘பொத்’தென்று மந்தமாக ஒலிக்கும், எந்திரம் மாட்டும் பலகையின் அடிமூலையில்தான் அதிக நேரம் நின்று தட்டிக் கேட்க வேண்டும்.