வழியும் நெறியும்

தமிழில் ‘நெறி’ என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருள்; ஒழுங்கு என்பதும் பொருள். ‘ஆறு’ என்னும் சொல்லும் அத்தகையதே. பரிசில் பெற்ற கலைஞர் பெறாத கலைஞரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை இலக்கியத்தில் ‘ஆறு’ என்பது நடந்து செல்லும் வழியையே குறிக்கிறது. செல்லும் பாதைக்கும் செல்லவேண்டிய முறைக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம்முடையது. இன்றோ சாலைகளின் வகைகளைப் புவியியல் பாடத்திலும், சாலை விதிகளை ஓட்டுநர் உரிமத் தேர்விற்காகவும் தனித்தனியே படிக்கிறோம். இரண்டையும் சேர்த்து நோக்கினால், ஒவ்வொரு விதியும் ஒரு சாலையின் இயல்பிலிருந்து பிறந்ததே என்பது விளங்கும்.

கல் சொல்லும் செய்தி

பண்டைத் தமிழகத்தின் நீண்ட வணிகப் பாதைகள் ‘பெருவழி’ எனப்பட்டன. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள கல்வெட்டு இராசகேசரிப் பெருவழியைக் குறிப்பிடுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லோ இன்னும் சுவையானது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என எழுத்தில் கூறுவதோடு, அக்கல் இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் தாங்கி நிற்கிறது. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கரும் தொலைவை எண்ணி அறியலாம். வழியில் செல்வோர் அனைவரும் கற்றவராக இருக்கமாட்டார் என்பதை அக்கல்லை நட்டவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

இன்றைய கிலோமீட்டர் கற்களின் தலைப்பகுதி நிறத்தாலேயே பேசுகிறது. மஞ்சள் நிறம் தேசிய நெடுஞ்சாலையையும், பச்சை நிறம் மாநில நெடுஞ்சாலையையும், கறுப்பு அல்லது நீலம் மாவட்டச் சாலையையும், ஆரஞ்சு நிறம் ஊரகச் சாலையையும் உணர்த்தும். 1943-இல் நாகபுரியில் கூடிய பொறியாளர்கள் வகுத்த திட்டமே இப்பகுப்பிற்கு அடிப்படை. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முதன்மைச் சாலை, மாவட்ட இதர சாலை, கிராமச் சாலை என ஐவகையாக அவர்கள் சாலைகளைப் பிரித்தனர். விரைவுச்சாலை பிற்காலத்தில் சேர்ந்தது. 2002-இல் முழுமை பெற்ற மும்பை–புனே விரைவுச்சாலை அவ்வகையில் முன்னோடி. அதில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் இடமில்லை.

தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. 2010-இல் அவை புதிதாக எண்ணிடப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்வன இரட்டைப்படை எண் பெறும். அவ்வெண்கள் கிழக்கிலிருந்து மேற்காகக் கூடும். கிழக்கு மேற்காகச் செல்வன ஒற்றைப்படை எண் பெறும். அவை வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். கடலோரமாகத் தூத்துக்குடிக்கு இறங்குவது 32. வேலூரிலிருந்து தூத்துக்குடி செல்வது 38. ஸ்ரீநகரில் தொடங்கி ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியை அடைவது 44. மேலைக் கடற்கரையைத் தழுவி வருவது 66. குறுக்காக நோக்கின், கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்ப்பேட்டை 79, இராமேசுவரம் செல்வது 87. மூன்றிலக்க எண் கிளைச்சாலையைக் குறிக்கும். சேலத்தில் 44-இலிருந்து பிரிந்து கோவை வழியாகக் கொச்சி செல்லும் சாலை 544. கடைசி இரண்டு இலக்கங்களைக் கண்டதும் தாய்ச்சாலை எதுவென்று சொல்லிவிடலாம்.

இருவேறு பணிகள்

நிறமும் எண்ணும் அடையாளங்களே. சாலைகளை உண்மையில் வேறுபடுத்துவது அவற்றின் பணி. கிராமச் சாலை வீட்டு வாசலையும் வயலையும் தொட்டுச் செல்வது. அதில் நெல் காயும், ஆடு படுக்கும், திண்ணையிலிருந்து இறங்கிய குழந்தை நேரே கால் வைப்பதும் அதிலேயே. நெடுஞ்சாலையின் பணி வேறு. தொலைவைக் குறுகிய நேரத்தில் கடக்கச் செய்வதே அதன் நோக்கம். முன்னதில் நிற்பதும் திரும்புவதும் இயல்பு. பின்னதில் தடையின்றிச் செல்வதே இயல்பு. மாவட்டச் சாலைகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை.

இவ்விரு பணிகளும் ஒரே இடத்தில் மோதும்போதுதான் உயிர்கள் போகின்றன. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நான்கு வழிச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஒரு திசைக்கு இரண்டு தடங்கள். ஆகவே நடுத்திட்டை அடைய ஒருவர் 7 மீட்டர் நடக்க வேண்டும். இயல்பான நடையில் இதற்கு ஏறத்தாழ 6 நொடிகள் ஆகும். கிராமச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த 6 நொடிகளில் சுமார் 67 மீட்டர் கடக்கும். நூறு மீட்டர் தொலைவில் வண்டி வரக்கண்டு ஒருவர் கடந்தால், அச்சாலையில் அது பிழையான கணிப்பு அன்று. அதே மனிதர், அதே கண்கணிப்போடு, 80 கி.மீ. வேகத்தில் மகிழுந்து வரும் நெடுஞ்சாலையில் இறங்குகிறார். இங்கே 6 நொடிகளில் வண்டி 133 மீட்டர் வந்துவிடும். நூறு மீட்டர் என்பது இப்போது போதாத தொலைவு. தலைமுறைகளாக ஊர்ப்பாதையில் பழகிய கண், நெடுஞ்சாலையில் ஏமாந்துபோகிறது.

ஓட்டுநரின் நிலையும் எளிதன்று. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறதெனக் கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். மேலும், வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்காகிறது. இயற்பியல் படிக்கும் மாணவர் இதன் காரணத்தை அறிவர். முன்செல்லும் வண்டிக்குப் பின் போதிய இடைவெளி விடவேண்டும் என்னும் விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததே.

எதிர்த்திசையில் ஓட்டுவதையும் இங்கே கருத வேண்டும். ஊரின் நடுவே நான்கு வழிச் சாலை புகுந்தபின், எதிர்ப்புறம் இருக்கும் வயலுக்குச் செல்ல ஓர் உழவர் நெடுந்தொலைவு போய்த் திரும்பிவர நேர்கிறது. எரிபொருளும் நேரமும் கருதி அவர் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார். இரு வாகனங்களின் வேகமும் கூடி மோதலாகிறது. மோட்டார் வாகனச் சட்டம் இதனை ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றமாகவே கொள்கிறது. சட்டம் சரியே. ஆயினும், சுரங்கப்பாதையும் அணுகுசாலையும் இல்லாமல் ஊரை இரண்டாக வெட்டிவிட்டு, உழவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது அரைநீதியே ஆகும்.

சந்திப்பில் யாருக்கு முன்னுரிமை?

இந்தியச் சாலைகளில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்லவேண்டும்; முந்துவோர் வலப்புறமாக முந்தவேண்டும். கிளைச்சாலையிலிருந்து முதன்மைச் சாலைக்கு வருபவர், அதில் செல்லும் வாகனங்களுக்கு வழிவிட்ட பின்னரே நுழையவேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. சாலை நடுவில் விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு, எதிரே வாகனம் வராதபோது கடந்து முந்தலாம் என்கிறது. தொடர்கோடு, கடவாதே என்கிறது. வளைவிலும் மேட்டின் உச்சியிலும் தொடர்கோடு இருப்பதன் காரணம், அப்பால் வருவது தெரியாமையே.

சாலைக் குறியீடுகளில் ‘நில்’ என்பது எண்கோண வடிவிலும், ‘வழிவிடு’ என்பது தலைகீழ் முக்கோண வடிவிலும் அமையும். பிற குறியீடுகள் எவற்றிற்கும் இவ்வடிவங்கள் இல்லை. எழுத்து அழிந்தாலும், புழுதி மூடினாலும், பின்புறமிருந்து பார்த்தாலும்கூட வடிவமே பொருளை உணர்த்திவிடும். அதியமான் பெருவழிக் கல்லின் குழிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன.

மலைச்சாலையின் விதி தனித்தன்மை உடையது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய குறுகிய சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். சுமையோடு ஏறும் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் புறப்படுவது அரிது. பின்னோக்கி உருளவும் கூடும். இறங்கும் வண்டிக்கு அந்த இடர் குறைவு. இறங்குபவரும் பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வருதல் ஆகாது. அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறுவதற்குரிய கியரிலேயே இறங்குக என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

பதினெட்டு வயது

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலருக்கு வயது பதினாறு. வீட்டில் வண்டி இருக்கிறது, ஓட்டவும் தெரிகிறது. 50 கன செ.மீ.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டியை மட்டுமே உரிமம் பெற்று 16 வயதில் ஓட்டலாம். வீடுகளில் இன்று காணப்படும் ஸ்கூட்டர்களின் எஞ்சின் பெரும்பாலும் 100 கன செ.மீ.க்கு மேற்பட்டது, அதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். அவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. கடைக்குப் போய்வா என்று சாவியைக் கொடுக்கும் தந்தையர் பலர் இதை அறியார். வீட்டில் இதை எடுத்துச் சொல்லக்கூடியவர் மாணவரே.

ஓட்டும் வயது வராதோரும் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. விபத்தில் வீழ்ந்தவரைத் தூக்கினால் வழக்கில் சிக்க நேரும் என்னும் அச்சம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கிறது. 108 எண்ணுக்கு அழைத்து, இடத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஊர்ப்பெயர் தெரியாத நெடுஞ்சாலையில் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்னால், ஆம்புலன்ஸ் தேடி அலையாமல் வந்துசேரும். 2021 முதல் நடைமுறையிலுள்ள ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.