வலது மூலையில் நின்றவர்

ஸ்ரீரங்கத்துக்குச் சேவிக்கச் சென்ற நேயர்கள், காவேரியும் கொள்ளிடமும் இரு புறமும் அத்தீவை அணைத்து ஓடும் அழகைக் கண்டு களித்திருப்பார்கள். தீவின் கிழக்கு முனைக்கு அருகே கல்லணை. அதற்கும் அப்பால் நதியோடு நடந்தால் தஞ்சாவூர் ஜில்லா. அந்தப் பக்கத்திலுள்ள திருச்சனம்பூண்டி என்னும் சிற்றூர்க்காரர்தான் சடுகுடு வீரர் தர்மராஜ் சேரலாதன். பிறந்தது 1975-ம் வருஷம்.

சடுகுடுவில் மூச்சடக்கிப் பாடி வருகிறவன்மீதுதான் ஜனங்களின் கண் விழுகிறது, கரகோஷமும் அவனுக்கே. எதிரே நிற்கும் ஏழு பேரை யார் கவனிக்கிறார்கள்? அமெரிக்கர்கள் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அங்கேயும் இதே கதைதான். ஓடுகிறவனுக்குப் புகழ், முன் வரிசையில் நின்று மறிக்கிற பீமசேனனுக்கு முழங்கால் வலி!

சேரலாதன் நின்றது வலது மூலையில். அது பொல்லாத இடம். பாடி வருகிறவனுக்கு இன்றைய போட்டிகளில் 30 விநாடிதான் அவகாசம். அதற்குள் யாரையேனும் தீண்டிவிட்டுத் தன் பக்கம் திரும்பிவிட வேண்டும். மூலையில் நிற்பவர் ஒரு கணம் முந்திப் பாய்ந்தால், அவன் நழுவித் தொட்டுவிட்டுப் போய்விடுவான். ஒரு கணம் பிந்தினாலோ, கைக்கு அகப்படாமல் கோட்டைத் தாண்டிவிடுவான். அவன் பாதம் தரையில் ஊன்றித் திரும்பும் அந்த ஒரு நிமிஷார்த்தத்தில் கணுக்காலைப் பற்ற வேண்டும். பற்றிய பிறகு, மற்றவர்கள் வந்து விழும்வரை விடக்கூடாது. இந்த வித்தைக்குக் கால் வேகத்தைவிடப் பொறுமையே பிரதானம். இளைஞர்களிடம் அது ஏது?

2014-ல் புரோ கபடி லீக் பந்தயங்கள் ஆரம்பமானபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் களத்தை விட்டு விலகும் பிராயத்தில்தான் தேசம் அவரைத் தெரிந்துகொண்டது. 2016 ஜூலை 31-ந் தேதி ஹைதராபாத்தில், பாட்னா அணியின் தலைவராக நின்று கோப்பையை வென்றார். இமயம்வரை சென்றதாகச் சொல்லப்படும் சேர மன்னரின் பெயரைத் தாங்கியவர் பாடலிபுரத்துக்குத் தலைமை வகித்தது பொருத்தந்தானே!

அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே இந்தியா கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. சடுகுடு பிறந்த தேசத்துக்கு எத்தகைய தலைகுனிவு! ஆனால் 22-ந் தேதி இறுதி ஆட்டத்தில் ஈரானை 38-29 என்று வென்று மானத்தைக் காத்துக்கொண்டது. வென்ற அணியில் 41 வயதுச் சேரலாதனும் ஒருவர்.

2019-ல் ஹரியானா அணிக்குத் தலைமை ஏற்றபோது வயது 44. அவருடன் களமிறங்கியவர்களில் பலர் அவருக்குப் பாதி வயதுக்காரர்கள். தமிழ் அறியாத அந்தப் பிள்ளைகளும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள்.