வீட்டிலேயே கிட்டாருக்கு கிளியர் கோட் அடிக்கலாமா? கவனிக்க வேண்டியவை

ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதியில் தயாராகும் தோல் பளபளக்க ஒரு காரணம், கடைசியாக ஸ்ப்ரே செய்யப்படும் மேற்பூச்சு. அதில் பல காலமாகப் பயன்படும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் குடும்பம்தான் கிப்சன் எலெக்ட்ரிக் கிட்டார்களின் மினுமினுப்புக்கும் காரணம். பழைய கிட்டாருக்கு அதை வீட்டிலேயே அடிக்கலாமா?

அடிக்கலாம். முதலில் வானிலையைப் பாருங்கள். கரைப்பான் ஆவியாகித்தான் இந்த லாக்கர் காயும். மழை நாளில் அடிச்சா, காற்றிலுள்ள ஈரம் பட்டு பூச்சு வெள்ளையா மங்கிடும்.

எப்படி அடிப்பது?

20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி மெல்லிசா அடிக்க வேண்டும். தடிமனா அடிச்சா வழியும். புது கோட் பழையதை லேசாகக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். சில வாரம் காயவிட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து பாலிஷ் போடலாம்.

ஆபத்து எங்கே?

கரைப்பான் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மூடிய அறையில் ஒரு சுவிட்ச் பொறி, பூஜை விளக்கு போதும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது; ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். கார்களுக்கு அடிக்கும் 2கே கிளியரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கலாம். அதை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. மிச்ச தின்னரை சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

‘மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கையை 1996-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, வேலூர் தோல் ஆலைகள் வழக்கில்தான். வீட்டு ஸ்ப்ரேயில் அந்த விலையை முதலில் கொடுப்பது அடிப்பவரின் நுரையீரல்.