மலையேறிய இருவரும் மாஸ்டரின் சந்தேகமும்

"முட்டை வேணாம், பால் வேணாம், மோர்கூட வேணாம்னா உடம்பு எப்படிப்பா ஏறும்?" என்று எங்கள் தெருமுனைத் தேகப்பயிற்சிச் சாலையின் மாஸ்டர் கேட்டபோது, நனிசைவ விரதத்தை அண்மையில் மேற்கொண்டிருந்த அந்த வாலிபன் பதிலறியாது என்னைத் திரும்பிப் பார்த்தான். மாஸ்டரை நான் குறைகூற மாட்டேன். எத்தனையோ பிள்ளைகளின் தோளையும் மார்பையும் கண்ணெதிரே வளர்த்துக் காட்டியவர் அவர். ஆயினும் அந்தச் சந்தேகத்தின் வேர் அவருடைய அனுபவத்துக்கு வெகுகாலம் முந்தியது.

தசை வேலை செய்கையில் அதன் புரதமே எரிந்து சக்தியாகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இரசாயன மேதை லீபிக் போதித்ததால், உழைப்பவனுக்கு மாமிசமே பிரதான ஆகாரம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. அதைச் சோதிக்க விரும்பிய ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இரு ஆசிரியர்கள், 1865 ஆகஸ்டில், புரதமுள்ள உணவை முதல் நாளே நிறுத்திவிட்டு, மாவுச்சத்தைக் கொழுப்பில் பொரித்த பணியாரத்தையும் சர்க்கரையிட்ட தேநீரையும் முக்கியமாக உட்கொண்டு, சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபவுல்ஹார்ன் சிகரத்துக்கு, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம், ஏறினார்கள். வழிநெடுகத் தம் சிறுநீரைச் சேகரித்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, உடலில் எரிந்த புரதம் எவ்வளவு என்று கணக்கிட்டபோது, அவர்கள் உடலை அவ்வளவு உயரம் தூக்கிய வேலைக்கு அது போதவே போதாது என்பது புலனாயிற்று. மலையேற்றியது மாவும் கொழுப்புமே!

ஆனால் இதைக் காட்டி மாஸ்டரை வாயடைக்க முயல்வது நியாயமன்று. வண்டி இழுப்பது வேறு, வண்டி செய்வது வேறு. தசையை வளர்க்கப் புரதம் வேண்டும், அதுவும் கணிசமாக வேண்டும். தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்னும் அமினோ அமிலம் பாலில் இருக்குமளவு பெரும்பாலான தாவரப் புரதங்களில் இல்லை. அரிசியில் லைசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் குறைவு. அரிசியில் குறைந்ததைப் பருப்பு ஈடுசெய்கிறது. லியூசின் குறைவை அளவால் ஈடுசெய்யலாம். பிரேசிலின் சாவோ பாலோவில், நனிசைவர் 19 பேரும் மாமிசமும் உண்பவர் 19 பேரும், முன்னவர் சோயாப் புரதமும் பின்னவர் பால் புரதமும் துணைக்கொண்டு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் உண்டு, 12 வாரம் கால்களுக்குப் பளுப்பயிற்சி செய்தார்கள். தசை வளர்ச்சியிலும் பலத்திலும் இரு தரப்பாரும் சமமாகவே நின்றதாக 2021இல் வெளியான அந்த ஆய்வு காட்டிற்று.

ஆகவே வாதம் வேண்டாம், கணக்கைக் காட்டு என்று அவனிடம் சொன்னேன். அந்த 1.6 கிராம் அளவின்படி, 60 கிலோ எடையுள்ளவனுக்கு நாளொன்றுக்கு 96 கிராம் புரதம் ஆகிறது. நான்கு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் அதன் அருகிலும் வாரா. 100 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் சுமார் 50 கிராமும், அதே அளவு நிலக்கடலையில் 25 கிராமும், துவரம் பருப்பில் 22 கிராமும் புரதம் உண்டு.

மறுவாரம் அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வேளை ஆகாரத்தையும் கிராம் கணக்கோடு எழுதி நீட்டினான். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் கூட்டினார்; 98 வந்தது. "கணக்கு சரிதான் தம்பி. பி12க்கு என்ன பண்ணப்போறே?" என்றார். நரம்புக்கும் இரத்தத்துக்கும் இன்றியமையாத அந்த வைட்டமினை நம்பத்தக்க அளவில் தாவர உணவு தராது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வருஷங்கள் கழித்தே தலைகாட்டும். அந்தக் கேள்வி என் நினைவுக்கே வரவில்லை. அவன் பேனாவை எடுத்து, பட்டியலின் அடியில் 'பி12 மாத்திரை' என்று எழுதிக்கொண்டான்.